வயிற்றில் கரைந்த புளி

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் உடல்நலம் குன்றாத சிலரை அழைத்து, பிறர் முன்னால் எழுந்து நின்று பேசச் சொன்னார்கள். சோதனையின்போது அவர்களுக்கு இரண்டு வகைச் சர்க்கரை கலந்த நீர் குடிக்கக் கொடுக்கப்பட்டது. ஒன்று மானிட்டால். சிறிய மூலக்கூறு என்பதால் குடல் சுவரை எளிதில் தாண்டி இரத்தத்துக்குள் போய்விடும். மற்றொன்று லாக்டுலோஸ். மலச்சிக்கலுக்கு நம் மருந்துக் கடைகளில் சிரப்பாகக் கிடைக்கிறதே, அதேதான். அது பெரிய மூலக்கூறு. குடல் சுவரின் செல்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் தளர்ந்தால் மட்டுமே அது கணிசமாக உள்ளே நுழையும். இரண்டையும் உடல் பயன்படுத்துவதில்லை, சிறுநீரில் அப்படியே வெளியேற்றிவிடும். ஆகவே சிறுநீரில் இவை இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், குடலின் சுவர் அந்த நேரத்தில் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பது தெரிந்துவிடும்.

மேடைப் பயத்தில் எவருடைய உடலில் கார்டிசால் சுரப்பு உயர்ந்ததோ, அவர்களுடைய குடல் சுவர் தளர்ந்திருந்தது. பயம் வரும்போது மூளையிலிருந்து முதலில் புறப்படும் சிஆர்எச் என்னும் சுரப்பை ஊசி வழியாகச் செலுத்தியபோதும் அதே விளைவு. ஆனால் ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் நெடுங்காலமாகத் தரப்பட்டு வந்த குரோமோகிளைகேட் மருந்தை முன்கூட்டியே கொடுத்திருந்தால் சுவர் தளரவில்லை. அந்த மருந்தின் முக்கிய வேலை ஒன்றுதான். மாஸ்ட் செல்கள் தம் உள்ளே பொதிந்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருட்களைக் கொட்டிவிடாமல் அது தடுக்கிறது. அப்படியானால் பயத்துக்கும் குடல் சுவருக்கும் நடுவே நின்று வேலை செய்தது, தும்மலையும் தடிப்பையும் உண்டாக்குகிற அதே ஒவ்வாமைச் செல்தான். 2014இல் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்வரை, வயிற்றில் புளியைக் கரைத்தது என்று நம் ஊரில் சொல்வதை நான் வெறும் உவமையாகவே நினைத்திருந்தேன்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டையுமே நம் பத்திரிகைகள் மன அழுத்தம் என்று எழுதிவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் ஸ்ட்ரெஸ்ஸை மன அழுத்தம் என்றும், வாரக்கணக்கில் நீடிக்கும் நோயான டிப்ரஷனை மனச்சோர்வு என்றும் குறிக்கிறேன். அதேபோல, ஒரு உணவு 'ஒத்துக்கலை' என்று நாம் சொல்வதற்குள் பல வேறு சங்கதிகள் கிடக்கின்றன. வேர்க்கடலை தின்ற சில நிமிடங்களில் மூச்சு அடைப்பது ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளால் வரும் ஒவ்வாமை. பால் குடித்தால் வயிறு உப்புவது பெரும்பாலும் லாக்டேஸ் நொதி குறைவதால் வருவது. அதில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கில்லை. சீலியாக் என்பது குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம் தூண்டிவிட, உடல் தன் குடலைத் தானே தாக்கிக்கொள்ளும் நோய். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் மனத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைப் பேசத் தொடங்கினால் எதையும் சொல்லிவிடலாம், எதையும் நம்பிவிடலாம்.

*

செரிமானப் பாதையின் உட்பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீட்டர் என்று 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அரை பேட்மிண்டன் மைதானத்தின் அளவு. குடலில் இந்தப் பரப்பை மூடியிருப்பது ஒரே ஒரு செல் அடுக்கு. அந்த அடுக்குக்கு அப்பால் உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் பெரும் எண்ணிக்கையில் காவல் இருக்கின்றன. நாள்தோறும் மூன்று வேளை, ஆட்டின் புரதமும் துவரையின் புரதமும் மாட்டுப்பாலின் புரதமுமாக அந்நியப் பொருட்கள் அந்தக் காவலைக் கடந்து போகின்றன. கிருமி நுழைந்தால் பாய்ந்து தாக்கும் அதே செல்கள் சாம்பார் சாதத்தைப் பார்த்து அமைதியாக இருக்கின்றன. நாம் அன்றாடம் பெறும் இந்த அமைதிதான் விளக்கம் தேவைப்படும் அதிசயம்.

1911இல் அமெரிக்காவில் கிடியன் வெல்ஸும் தாமஸ் ஆஸ்போர்னும் கினிப்பன்றிகளை வைத்து இதைக் கண்டார்கள். மக்காச்சோளப் புரதத்தை ஊசி வழியாக ஏற்றிப் பழக்கிய விலங்குகள் மறுமுறை அதே ஊசியில் அதிர்ச்சி கண்டு விழுந்தன. மக்காச்சோளம் தின்றே வளர்ந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் வழியாக வந்ததை உடல் 'இது நம்முடையது' என்று ஏற்றுக்கொண்டிருந்தது. உணவு ஏற்பு என்று இதைச் சொல்லலாம். உடல் இதைப் பிறவியிலேயே முழுமையாகப் பெற்று வருவதில்லை. ஒவ்வொரு உணவையும் அமைதியான சூழலில் சந்தித்துச் சந்தித்துக் கற்கிறது. கற்றதை மறக்கவும் கூடும் என்பதுதான் கடந்த 20 ஆண்டு ஆய்வுகள் காட்டுவது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மேரி பெர்டூவின் குழு 2006இல் செய்த சோதனை எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு சிறு மேடை. எலியை அதன்மேல் ஏற்றிவிடுவார்கள். வலி இல்லை, காயம் இல்லை, தப்பிக்க வழியும் இல்லை. இப்படித் தொடர்ந்து நாள்தோறும் அழுத்தத்துக்கு உட்பட்ட எலிகளுக்குக் குடிநீரில் ஒரு புதிய தாவரப் புரதத்தைக் கலந்து கொடுத்தார்கள். அழுத்தமில்லாத எலிகள் அதே புரதத்தைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தன. அழுத்தத்தில் இருந்தவை அந்தப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ உருவாக்கிக்கொண்டன. தண்ணீர் நடுவே நிற்க வேண்டிய நாட்கள் முடிந்த பிறகும் அந்தப் புரதம் குடலில் பட்டபோதெல்லாம் குடல் கலவரப்பட்டது. பயம் போய்விட்டது, பயத்தில் கற்ற பாடம் போகவில்லை.

எலிக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மை என்று உடனே எழுதிவிட முடியாது. ஆனால் இதற்கு மிக அருகில் வரும் சான்று 2021இல் மறுபடியும் லூவனிலிருந்தே வந்தது.

கீ புக்ஸ்டான்ஸ் என்ற குடல்நோய் மருத்துவரின் குழு, எரிச்சலுறு குடல் நோயைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்துகொண்டிருந்தது. ஐபிஎஸ் என்று பலரும் அறிந்த இந்த நோயில் சாப்பிட்டதும் வயிறு வலிக்கும், உப்பும், கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். எண்டோஸ்கோப்பி செய்தால் குடல் சுத்தமாக இருக்கும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, இரத்தத்தில் ஒன்றும் இல்லை. 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்' என்ற வாக்கியத்தோடு நோயாளி வீடு திரும்புவார். 'டென்ஷன் ஆகாதீங்க, எல்லாம் மனசுதான்' என்ற வாக்கியம் கூடவே வரும். அதைக் கேட்டு வந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நோய் இல்லை என்று சொல்லப்பட்ட நிம்மதி அதில் இருக்காது. பொய் சொல்லிப் பிடிபட்டவர்போல ஒரு கூச்சம் இருக்கும்.

பலருக்கு இந்த நோய் ஒரு வயிற்றுப்போக்குத் தொற்றுக்குப் பிறகு தொடங்குகிறது என்பது தெரிந்த செய்தி. லூவன் குழு அங்கிருந்து தொடங்கியது. எலிகளுக்குக் குடல் தொற்று ஒன்றை உண்டாக்கி, தொற்று இருக்கும்போதே முட்டையின் வெண்கருப் புரதத்தைத் தின்னக் கொடுத்தார்கள். தொற்று முற்றிலும் ஆறிய பின் மறுபடி அதே வெண்கருப் புரதம். தொற்றின்போது அதைத் தின்றிருந்த எலிகளுக்கு இப்போது குடல் வலித்தது. தொற்று மட்டும் வந்து, அந்தப் புரதத்தை அப்போது தின்னாதவற்றுக்கு வலி இல்லை. குடலைச் சோதித்தபோது வெண்கருவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஆனால் குடலின் அந்தப் பகுதியில் மட்டுமே இருந்தது, இரத்தத்தில் இல்லை. உணவு பட்டதும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டின, அது வலி நரம்புகளைக் கூர்மையாக்கியது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போனதன் காரணமும் இங்கே இருக்கிறது. தேடிய இடம் வேறு, இருந்த இடம் வேறு.

அடுத்து மனிதர்கள். ஐபிஎஸ் உள்ள 12 பேரின் மலக்குடலுக்கு அருகே, உட்சவ்வில், கோதுமை, குளூட்டன், சோயா, பால் ஆகியவற்றின் கரைசலை ஊசியால் சிறு அளவில் இட்டார்கள். ஒவ்வாமைக்குத் தோலில் குத்திப் பார்ப்பதைக் குடலுக்குள் செய்ததுபோல. 12 பேருக்கும் குறைந்தது ஒரு உணவுக்காவது அந்த இடம் வீங்கியது. ஒப்பீட்டுக்காக வந்த நோயில்லாத 8 பேரில் 2 பேருக்கு மட்டும் வீங்கியது. எண்ணிக்கை சிறியது, நான் அதை மறைக்கவில்லை. இருந்தும், பல ஆண்டுகளாக 'மனசுதான்' என்று கேட்டு வந்த ஒருவருக்கு, தன் குடலில் ஒரு புள்ளி வீங்கியதைத் திரையில் பார்ப்பது என்னவாக இருந்திருக்கும்!

ஹிஸ்டமினைத் தடுக்கும் எபாஸ்டின் என்ற மாத்திரையை 202 ஐபிஎஸ் நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் கிடைத்தது, ஆனால் அளவாகத்தான். திட்டமான நிவாரணம் பெற்றவர்கள் மருந்துக் குழுவில் 12 விழுக்காடு, வெற்று மாத்திரைக் குழுவில் 4 விழுக்காடு. ஆகவே இந்த ஒரு வழி எல்லாருடைய வலியையும் விளக்கிவிடாது. வேறு வழிகளும் உண்டு.

என்ன தின்றோம் என்பதோடு, உடல் எந்த நிலையில் இருந்தபோது தின்றோம் என்பதும் கணக்கில் சேர்கிறது. பயமோ தொற்றோ சுவரைத் தளர்த்தியிருக்கும் நேரத்தில் வந்த சோறு, அதே சோறாக உள்ளே போவதில்லை. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதைத்தான்.

*

இனி எதிர்த்திசை. குடலில் எழுந்த கலவரம் மனத்தை எப்படித் தொடுகிறது?

காய்ச்சலில் கிடப்பவரைப் பாருங்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். சோறு இறங்காது, பேச்சு பிடிக்காது, பிடித்த பாட்டும் தொல்லையாக இருக்கும். தூக்கம் வரும், ஆனால் களைப்பு போகாது. 1988இல் கலிஃபோர்னியாவின் கால்நடை மருத்துவ ஆய்வாளர் பெஞ்சமின் ஹார்ட், நோயுற்ற விலங்குகள் எல்லாமே இப்படித்தான் நடந்துகொள்கின்றன என்றும், இது உடல் நோயோடு போராட ஆற்றலைச் சேமிக்கும் ஏற்பாடு என்றும் எழுதினார். இந்த அடையாளங்களை மனநல மருத்துவரின் மனச்சோர்வுப் பட்டியலோடு ஒப்பிட்டால் பாதிக்கு மேல் பொருந்திப் போகும். காய்ச்சல் நான்கு நாளில் இறங்கிவிடுகிறது. அழற்சி இறங்காமல் தாழ்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தால்?

ஹெபடைடிஸ்-சி, மெலனோமா புற்றுநோய் ஆகியவற்றுக்கு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்ற மருந்தை முன்பு தந்தார்கள். அது உடல் தானே சுரக்கும் ஒரு நோயெதிர்ப்புத் தூதுப்பொருள்தான், அளவு மட்டும் அதிகம். 2001இல் வெளியான ஆய்வில் மெலனோமா நோயாளிகள் 40 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இன்டர்ஃபெரான் தொடங்குமுன்பே பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தையும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 45 விழுக்காட்டினர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள். பராக்செட்டின் எடுத்தவர்களில் 11 விழுக்காடு. நோயெதிர்ப்புத் தூதுப்பொருள் ஒன்றே மனச்சோர்வை உண்டாக்கப் போதும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

அதற்கான பாதைகளில் ஒன்று உணவிலிருந்து தொடங்குகிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் நமக்குச் சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்கிறது. மூளை அதைக் கொண்டு செரட்டோனின் செய்கிறது. அழற்சித் தூதுப்பொருட்கள் பெருகும்போது ஒரு நொதி விழித்துக்கொண்டு, டிரிப்டோஃபானைக் கைனுரனின் என்ற வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. அந்தப் பாதையின் கோடியில் உண்டாகும் சில பொருட்கள் நரம்புச் செல்களைக் கிளறி நோகச் செய்பவை. மற்றொரு பாதை, குடலிலிருந்து மூளைத்தண்டுக்கு ஓடும் வேகஸ் நரம்பு. குடலில் நடப்பதைச் சொற்களின்றி அது மேலே சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இந்தத் திசைக்கு மருத்துவம் நன்கறிந்த எடுத்துக்காட்டு சீலியாக். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் மற்ற குழந்தைகள் நலிந்தபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் அப்படி மோசமாகவில்லை. ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. ஏற்கெனவே கோதுமையைச் சந்தேகித்து வந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் அதைத் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நிறுவினார். அதற்கு ஆறே ஆண்டுகளில், 1956இல், கை டேன்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'ரொட்டியும் கண்ணீரும்' என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தைகளின் அடங்காமை, சோர்வு, வலிப்பு ஆகியவற்றை அவர் கோதுமை ஒத்துக்கொள்ளாமையோடு சேர்த்துப் பார்த்திருந்தார். வயிற்றுப்போக்கும் எடைக்குறைவுமே நோயின் முகம் என்று எல்லாரும் நினைத்த காலத்தில், குழந்தையின் அழுகையையும் நோய்க்குறியாக எண்ணிய ஒருவர் இருந்தார் என்பது எனக்கு ஆறுதல் தருகிறது.

2007இல் ஸ்வீடனின் மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, சீலியாக் உள்ளவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வருவது மற்றவர்களைவிட 1.8 மடங்காக இருந்தது. மனச்சோர்வு முதலில் வந்து சீலியாக் பிறகு கண்டறியப்பட்டதும் கூடுதலாகவே இருந்தது. நோய் குடலில் வெளிப்படுமுன் மனத்தில் வெளிப்பட்டிருக்கலாம். அல்லது, நோயாளியின் முறையீட்டை மனத்தின் கணக்கில் எழுதிவிட்டுக் குடலைப் பார்க்கத் தாமதித்திருக்கலாம். இரண்டும் நடக்கக்கூடியவை. கோதுமையை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. இத்தாலியில் 2001இல் வந்த ஆய்வில் ஓராண்டுப் பத்தியத்துக்குப் பிறகு பதற்றம் தணிந்தது, மனச்சோர்வு தணியவில்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் உண்ணும்போது தனக்கென்று தனிப் பாத்திரம் கொண்டு போக வேண்டியவரின் துயரத்தில் நோயெதிர்ப்புக்கு எவ்வளவு பங்கு, தனிமைக்கு எவ்வளவு பங்கு என்று யாரால் பிரிக்க முடியும்?

இந்த நோய் நம் பக்கத்தில் ஏன் அரிது என்ற கேள்விக்கு 2016இல் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பதில் தேடினார்கள். நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். தெற்கிலிருந்து எடுத்துக்கொண்ட இடம் வேலூர். சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருட்கள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடம் இருந்தன, தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடம். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் வடக்கில் 38.1 விழுக்காடு என்றால் தெற்கில் 36.4. கிட்டத்தட்ட ஒரே அளவு. மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு தட்டில்தான் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குத் தின்ற கோதுமை சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். இரவுதோறும் சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் மாறிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டு வீடுகளை நினைக்கும்போது இந்த எண்கள் மனத்தில் நிற்கின்றன.

மரபணுவும் உணவும் இருந்தும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. மூன்றாவதாக ஏதோ ஒன்று வேண்டும். 2017இல் சிகாகோவில் பனா ஜாப்ரியின் குழு, பெரிதாக நோய் எதையும் தராத ரியோவைரஸ் தொற்று ஒன்றே எலிகளில் குளூட்டன் ஏற்பைக் குலைத்துவிடுவதைக் காட்டியது. லூவனில் கண்டதும் சிகாகோவில் கண்டதும் வேறு வேறு நோய்கள். இரண்டிலும் உடல் தவறான நேரத்தில் ஒரு உணவைச் சந்தித்துத் தவறான பாடம் கற்றிருக்கிறது.

*

மனத்தைக் குடல் எப்படி ஆள்கிறது என்பதற்கு 2023இல் வந்த ஒரு சான்றைச் சொல்லாமல் விட மனமில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெஜிதோவின் குழு, முட்டைப் புரதத்துக்கு ஒவ்வாமை ஏற்றப்பட்ட எலிகளுக்கு இரண்டு குடிநீர்க் குப்பிகளை வைத்தது. ஒன்றில் வெறும் நீர், மற்றதில் முட்டைப் புரதம். சாதாரண எலிகளுக்கு முட்டை நீர்தான் பிடிக்கும். ஒவ்வாமை எலிகள் அதை விட்டு விலகின. ஐஜிஇ எதிர்ப்பொருளை முடக்கியதும் அந்த வெறுப்பு மறைந்துபோனது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலும் வேறொரு குழு அதே ஆண்டில் இதையே கண்டது. அங்கே மாஸ்ட் செல்கள் இல்லாத எலிகள் முட்டை நீரை வெறுக்கவில்லை.

'எனக்கு அது பிடிக்கலை' என்று குழந்தை தட்டைத் தள்ளும்போது நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம். பெரும்பாலும் பிடிவாதமாகவே இருக்கும். சில வேளை, நாக்கு அறியாத எதையோ குடல் அறிந்து சொல்லியிருக்கவும் கூடும்.

*

ஒவ்வாமையே இல்லாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் பல பத்தாண்டுகளாக மன அழுத்தத்தையும் நோயெதிர்ப்பையும் ஆராய்ந்தவர். நினைவு தவறிய உறவினரைக் கவனித்துக்கொள்ளும் பெண்களின் தோலில் சிறு காயம் உண்டாக்கி, அது ஆற மற்றவர்களைவிட ஏறத்தாழ 9 நாள் அதிகம் பிடித்தது என்று 1995இல் காட்டியவர். 2017இல் அவர் வெளியிட்டது ஒரு காலை உணவைப் பற்றிய ஆய்வு. சராசரி 53 வயதுள்ள 58 பெண்கள், இரண்டு வெவ்வேறு நாட்களில், 930 கலோரியும் 60 கிராம் கொழுப்பும் கொண்ட உணவை உண்டார்கள். ஒரு நாள் நிறைவுற்ற கொழுப்பில் செய்தது. மற்றொரு நாள் ஒலீயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. உண்ட பிறகு இரத்தத்தில் சிஆர்பி போன்ற அழற்சிக் குறிகளை அளந்தார்கள்.

முந்தைய நாள் அமைதியாகக் கழிந்தவர்களிடம் எதிர்பார்த்ததே நடந்தது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அழற்சி குறைவு, நிறைவுற்ற கொழுப்புக்கு அதிகம். முந்தைய நாள் மனத்தை வருத்தும் ஏதாவது நடந்திருந்தவர்களிடம் அந்த வேறுபாடு அழிந்துவிட்டது. நல்ல எண்ணெயும் கெட்ட கொழுப்பைப்போலவே உடலைக் கிளறிவிட்டது. அந்தப் பெண்கள் சொன்ன வருத்தங்கள் பேரிடர்களும் அல்ல. அன்றாட வாழ்க்கையில் எவருக்கும் வரக்கூடியவை. மனச்சோர்வு வரலாறு உள்ளவர்களிடம் உண்ட பின் இரத்த அழுத்தமும் கூடுதலாக ஏறியது.

எண்ணெயை மாற்றுங்கள், அரிசியைக் குறையுங்கள் என்று சொல்வதோடு நம் மருத்துவ அறிவுரை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மாமியாரோடு பேச்சில்லாத வீட்டில், கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில், அந்த எண்ணெய் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

*

இவ்வளவு சொன்ன பிறகு, இதை வைத்து நடக்கும் வணிகத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது தவறு.

ஒரு துளி இரத்தத்தில் நூறு, இருநூறு உணவுகளுக்கு ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளின் அளவு பார்த்து, 'இவை உங்களுக்கு ஆகாதவை' என்று சிவப்பில் பட்டியல் தரும் பரிசோதனைகள் உலகெங்கும் விற்கின்றன. சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் அவை தீர்வு காட்டுவதாகச் சொல்கின்றன. ஐரோப்பிய ஒவ்வாமை, நோயெதிர்ப்பியல் கழகத்தின் குழு 2008இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: உணவுக்கு எதிரான ஐஜிஜி-4 இருப்பது, அந்த உணவை ஒருவர் தொடர்ந்து உண்டு வந்திருக்கிறார், உடல் அதை அறிந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். நோயின் அடையாளமாக அதைக் கொள்ளக் கூடாது. தினமும் தயிர் சாப்பிடுபவருக்குப் பாலுக்கான ஐஜிஜி இருக்கத்தான் செய்யும். ஏற்கெனவே பசியும் பிடிப்பும் இழந்து மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடம் 30 உணவுகளை விலக்கச் சொல்வது அவருக்குச் செய்யும் தீங்கு என்றே நினைக்கிறேன்.

குளூட்டன் கதையும் எச்சரிக்கையோடு சொல்லப்பட வேண்டியது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் சிமோன் பீட்டர்ஸ் 2014இல் செய்த ஆய்வில், சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளாத 22 பேருக்கு, எது எது என்று தெரியாமல் மூன்று மூன்று நாள் உணவு தரப்பட்டது. குளூட்டன் உள்ள நாட்களில் மனச்சோர்வு அளவுகோலில் மதிப்பெண் ஏறியது, வயிற்று உபாதை ஏறவில்லை. ஆர்வம் தரும் முடிவு, ஆனால் 22 பேர், மூன்று நாள். 2018இல் ஓஸ்லோவில் 59 பேரைச் சோதித்தபோது அவர்களின் வயிற்றைக் கலக்கியது குளூட்டன் அல்ல என்று தெரிந்தது. கோதுமையிலேயே இருக்கும் ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருளே மிகுதியான உபாதை தந்தது. வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய இருப்பதும் அதுதான். 2024இல் இன்னொரு ஆய்வு வந்தது. ரொட்டியில் குளூட்டன் இருப்பதாகச் சொல்லப்பட்டு, உண்மையிலும் அதைத் தின்றவர்களுக்கே உபாதை மிகுதி. குளூட்டன் இல்லை என்று நம்பி உண்டவர்களிடம் அது இருந்ததோ இல்லையோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. எதிர்பார்ப்பும் உணவோடு சேர்ந்து உள்ளே போகிறது. இதைக் கேட்டு 'அப்போ எல்லாம் மனசுதானே' என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடக் கூடாது. எதிர்பார்த்து வந்த வலியும் வலிதான். அச்சம் மாஸ்ட் செல்வரை இறங்கிப் போவதை லூவனின் மேடைப் பேச்சில் முதலிலேயே பார்த்தோம்.

மனச்சோர்வு எல்லாமே அழற்சியால் வருவதும் இல்லை. மனச்சோர்வுள்ளவர்களில் ஏறத்தாழ கால் பங்கினருக்கே சிஆர்பி ஓரளவு உயர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை 60 நோயாளிகளிடம் வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவின்படி மொத்தத்தில் பலன் இல்லை. சிஆர்பி 5க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் இருக்கக்கூடும் என்ற குறிப்பு கிடைத்தது. யாருக்கு இந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எல்லாருக்கும் பத்தியம் சொல்வது வீண்.

எது முதலில் வருகிறது என்பதை 12 ஆண்டுகள் காத்திருந்து பார்த்தவர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள். 1997இல் பதற்றம் இருந்து வயிற்று நோய் இல்லாதவர்களில் பலருக்குப் பிற்பாடு வயிற்று நோய் வந்தது. வயிற்று நோய் மட்டும் இருந்தவர்களில் பலருக்குப் பிற்பாடு பதற்றமும் மனச்சோர்வும் வந்தன. பாதை இரு பக்கமும் போகிறது என்று 2012இல் எழுதினார்கள். இன்று ஐபிஎஸ் உள்ளவர்களில் சுமார் 39 விழுக்காட்டினரிடம் பதற்ற அறிகுறிகளும் 29 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் காணப்படுகின்றன. இத்தனை பேர் ஒரு மருத்துவரிடம் வயிற்றையும் மற்றொருவரிடம் மனத்தையும் காட்டிக்கொண்டு அலைகிறார்கள். பெரும்பாலோர் மனத்தை யாரிடமும் காட்டுவதே இல்லை.

குளூட்டன் ஆய்வு செய்த அதே சிமோன் பீட்டர்ஸ், 2016இல் ஐபிஎஸ் நோயாளிகள் 74 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஃப்ரக்டான் போன்றவற்றைக் குறைத்த உணவு முறை. ஒரு குழுவுக்கு உணவில் எந்த மாற்றமும் இல்லை, குடலை மையமாகக் கொண்ட ஹிப்னோதெரபி மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். ஆறு வாரம் கழித்து வயிற்று உபாதை நன்கு குறைந்தவர்கள் உணவுக் குழுவில் 71 விழுக்காடு, ஹிப்னோதெரபிக் குழுவில் 72, இரண்டும் பெற்றவர்களில் 72. தட்டைத் தொடாமல் காதில் பேசியதும், காதில் எதுவும் பேசாமல் தட்டை மாற்றியதும் குடலை ஒரே இடத்துக்குக் கொண்டு சேர்த்திருந்தன. ஹிப்னோதெரபி பெற்றவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடவே குறைந்தன. குடல் சரியானதால் மனம் தெளிந்ததா, மனம் தெளிந்ததால் குடல் சரியானதா என்பதற்கு அந்த எண்களில் விடை இல்லை.